சீசர் எழுதிய போர்க்கணக்கு

போரை நடத்திய தளபதியே அப்போரின் வரலாற்றையும் எழுதி வைத்தால் அதனை எந்த மனத்தோடு படிப்பது? வழக்காடினவனே தீர்ப்பையும் எழுதிக்கொடுத்தது போன்றதல்லவா அது? இருந்தும் அப்படி எழுதப்பட்ட நூலொன்று இரண்டாயிரம் ஆண்டுகளாய்ப் படிக்கப்பட்டு வருகிறது; படிக்கத் தக்கதாயும் இருக்கிறது. ரோமாபுரித் தலைவர் ஜூலியஸ் சீசர், பாம்பி என்னும் மற்றொரு பெருந்தலைவருடன் கி.மு. 49-ம் ஆண்டில் தொடங்கிய உள்நாட்டுப் போரைக் குறித்துத் தாமே எழுதிய மூன்று பகுதிக் குறிப்புகளைப் பற்றியே இங்குப் பேசப் புகுகின்றோம். அதிலும் முதலாண்டுப் படையெடுப்புகளைக் கூறும் முதல் இரண்டு பகுதிகளோடு நின்றுகொள்வோம். மூன்றாம் பகுதியில் வரும் பார்சாலஸ் போரைப் பற்றிப் பேசினவர்கள் ஏராளம்.

ஆங்கிலப் பள்ளியில் படித்த நம்போன்றாருக்குச் சீசர் என்றதும் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் குத்துண்டு விழும் சீசர்தான் கண்முன் நிற்பார். அந்நாடகத்தின் திரை தூக்கும்போதே உள்நாட்டுப் போர் முடிந்து, வெற்றி விழாவுக்குத் தெருவிலே கூட்டம் கூடிவிடும். வென்றவர்களும் தோற்றவர்களும் ஓரூராராய் இருக்க இஃது என்ன விழா என்று அங்கே ஒருவர் கூட்டத்தைக் கடிந்துகொள்கிறார். பரீட்சைக்காக அப்பகுதியை நெட்டுருப் போட்டோமே தவிர, அந்தக் கோபத்தின் காரணத்தை நாம் கேட்கவுமில்லை, ஆசிரியர் சொல்லவுமில்லை. பல ஆண்டு கழித்துத் தோட்டத்து வீட்டில், இரவு வேளைகளில் இக்குறிப்புகளின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தபோதுதான் அது விளங்கிற்று. லத்தீன் மொழியை நாம் அறியோம். ஆகையால் நடையைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் மொழிபெயர்ப்பின் வழியாகத் தெரிந்த அளவே என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

கதை சுருக்கமாக இது. இன்று பிரான்சு எனப்படும் காலியா நாட்டை ஒன்பதாண்டு போரிட்டு அடக்கிய சீசரிடம் பழகிய படை இருந்தது. ரோமாபுரியின் செனேட் சபையோ பாம்பியின் பக்கம் சாய்ந்திருந்தது. பாம்பி ஒரு காலத்தில் சீசரின் மருமகன்; சீசரின் மகள் கி.மு. 54-ல் இறந்தபின் அந்த உறவும் அறுந்தது. படையைக் கலைத்துவிட்டு வா என்றது சபை. பாம்பியும் கலைத்தால் நானும் கலைக்கிறேன் என்றார் சீசர். கி.மு. 49 ஜனவரியில் சபை அவரை எதிர்த்துக் கடுந்தீர்மானம் நிறைவேற்றிற்று. சீசர் ஒரே ஒரு லீஜனுடன் இத்தாலிக்குள் புகுந்தார். லீஜன் என்பது ஏட்டளவில் ஏறக்குறைய ஐயாயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு. அதில் பத்திலொரு பங்கை இக்கட்டுரையில் 'அணி' என்று குறிப்போம்.

நூலைத் திறந்தவுடன் நம்மைக் கவர்வது அதன் அடக்கம். களத்தில் நிற்கும் தம்மை அவர் 'நான்' என்று எழுதுவதில்லை. சீசர் புறப்பட்டார், சீசர் ஆணையிட்டார், சீசர் பொறுத்திருந்தார் என்று யாரோ மூன்றாமவரைப் பற்றிச் சொல்வது போலவே சொல்லிச் செல்கிறார். வருணனை கிடையாது, ஆவேசம் கிடையாது, ஊர், ஆறு, படை, தூரம், விலை இவைதாம் உண்டு. பாம்பியின் பக்கம் சேர்ந்த நாவலர் சிசரோ, சீசரின் குறிப்பு நடையை ஆடையணி களைந்த மேனிக்கு ஒப்பிட்டுப் புகழ்ந்திருக்கிறார். சீசரின் பக்கமே நின்ற அசீனியஸ் போல்லியோ என்பவரோ, இக்குறிப்புகளில் கவனமும் குறைவு, உண்மையும் குறைவு என்றார். எதிர்க்கட்சியார் புகழ, சொந்தக் கட்சியார் பழித்த விந்தை இது! இருவர் சொன்னதும் சரி என்பதே நம் அபிப்பிராயம்.

இதை விளக்க நம் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு மாதாந்த அறிக்கை எழுதிப் பழகிய கை. ஒரு மாதம் ரப்பர் வரவு குறைந்துபோயிற்று. பாலை உறையவைக்கும் அமிலத்துக்கு வேளையில் எழுதிப் போட நாம் மறந்ததால் இரண்டு நாள் வெட்டிய பால் வீணாயிற்று. அறிக்கையில் நாம் எழுதியதோ, 'இம்மாதம் மழை பெய்த நாட்கள் 11' என்று. மழை பெய்தது பொய்யன்று. 11 நாள் என்பதும் பொய்யன்று. பெரிய துரையும் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டார். பொய் எழுதாமலே உண்மையை ஒளித்துவைக்கத் தெரிந்தவனுக்குச் சீசரின் நூலில் எங்கெங்கே தேடவேண்டும் என்பது விரைவில் தெரிந்துவிடுகிறது.

முதலில் ரூபிக்கான் ஆற்றைத் தேடிப் பாருங்கள். தம் மாகாணத்தின் எல்லையான அந்தச் சிற்றாற்றைச் சீசர் படையோடு கடந்ததே போரின் தொடக்கம் என்று உலகமெல்லாம் சொல்கிறது. கரையிலே அவர் தயங்கி நின்றதையும், காய் உருட்டியாயிற்று என்று சொன்னதையும் புளூட்டார்க் முதலிய பிற்காலத்தார் எழுதி வைத்தார்கள். சீசரின் நூலிலே அந்த ஆறே கிடையாது! ரவென்னா நகரில் வீரர்களிடம் பேசினார். அவர்கள் மனத்தை அறிந்தார். அரிமினம் நகருக்குப் புறப்பட்டார். அவ்வளவே. இரண்டு ஊர்ப் பெயர்களுக்கு நடுவே ஓர் ஆறும், அந்த ஆற்றைக் கடந்த குற்றமும் மறைந்துபோயின.

அடுத்தது தேதி. அரிமினத்தில் சீசர் இருக்கையில் பாம்பியிடமிருந்து தூது வந்ததாம். சீசர் சமாதான நிபந்தனைகள் சொல்லியனுப்பினாராம். பாம்பியின் மறுமொழி நியாயமற்றதாய் இருந்ததாம். ஆகவே ஐந்து அணிகளுடன் அந்தோணியை அரேத்தியம் நகருக்கும், அணிக்கொன்றாகப் பிசாரம், பானம், அங்கோனா நகரங்களுக்கும் அனுப்பினாராம். படிக்கையில் எவ்வளவு ஒழுங்காய் இருக்கிறது! பொறுமை முதலில், போர் பிறகு. ஆனால் அதே மாதத்தில் சிசரோ எழுதிய கடிதங்கள் நல்லவேளையாய் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்த நகரங்கள் பறிபோன செய்தி கேட்டுத்தான் தாங்கள் ரோமாபுரியை விட்டு வெளியேறியதாக அவர் எழுதுகிறார். தூதர்கள் சமாதானம் பேசி நடந்துகொண்டிருந்தபோதே நகரங்கள் கைக்கு வந்துவிட்டன என்றாகிறது. சீசர் ஒரு நிகழ்ச்சியையும் கற்பனை செய்யவில்லை. வரிசையை மட்டும் மாற்றினார். கணக்கு வேலை தெரிந்தவர்கள் இந்த வித்தையை ரசிக்காமல் இருக்க முடியாது. ரசித்துவிட்டு மன்னித்துவிடுவதுதான் தவறு.

லாபீனஸ் என்பவரைப் பற்றிய மௌனம் இன்னும் நேர்த்தியானது. காலியாப் போர் முழுவதும் சீசரின் வலக்கையாய் இருந்த துணைத் தளபதி இவர். போர் மூண்டதும் சீசரை விட்டுப் பாம்பியிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரெல்லாம் பேச்சாய்ப் போன இந்தப் பிரிவைப் பற்றிச் சீசர் ஒரு சொல்லும் எழுதவில்லை. சிங்குலம் என்ற ஊர் தமக்குப் பணிந்ததைச் சொல்லும்போது, அது லாபீனஸ் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு கட்டிய ஊர் என்று மட்டும் குறித்துவிட்டு மேலே போகிறார். காயத்தைக் காட்டாமல் கட்டை மட்டும் காட்டியது போல இருக்கிறது. பொதுக் கருவூலத்தைச் சீசர் கைப்பற்றிய செய்தியும் இப்படித்தான். எதிர்க்கட்சிக் கான்சல் அதைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினார் என்று எழுதியிருக்கிறார். மெட்டெல்லஸ் என்னும் குடிமக்கள் காவலர் குறுக்கே நின்றதையும், சீசர் அவரை மிரட்டிப் பூட்டை உடைக்கச் செய்ததையும் மற்றவர்கள் சொல்லித்தான் நாம் அறிகின்றோம்.

இப்படியெல்லாம் குறை சொல்லிவிட்டு இந்நூலைத் தள்ளிவிட நாம் சொல்லவில்லை. சீசரின் பேனா ஒளிப்பதில் மட்டுமன்றிக் காண்பதிலும் கூர்மையானது. கொர்பீனியம் முற்றுகையை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பதுக்கு மேற்பட்ட அணிகளோடு தொமீட்டியஸ் என்னும் பிரபு அந்நகரைக் காத்து நின்றார். உதவிக்கு வரச்சொல்லிப் பாம்பிக்கு எழுதினார். வர முடியாது என்று பதில் வந்தது. தொமீட்டியஸ் அதை மறைத்து, பாம்பி விரைவில் வருகிறார் என்று சபையில் சொன்னார். ஆனால் வாய் சொன்னதும் முகம் காட்டியதும் வேறாயிருந்தன என்கிறார் சீசர். வழக்கத்துக்கு மாறாகப் பதறுகிறார், தனியிடத்தில் சிலரோடு கூடிப் பேசுகிறார், பொதுக்கூட்டத்தைத் தவிர்க்கிறார். வீரர்களுக்குச் சந்தேகம் பிறந்து, தலைவர் தங்களை விட்டு ஓடப் பார்க்கிறார் என்று கண்டு, அவரையே பிடித்துக் காவலில் வைத்துவிட்டார்கள். சீசர் அந்த நகரத்துக்குள் இருந்தவரல்லர். சரணடைந்தவர்களிடம் கேட்டறிந்தே எழுதியிருக்க வேண்டும். அச்சங்கொண்ட மேலதிகாரி ஒருவரின் முகத்தை ஊழியர்கள் எப்படிப் படிப்பார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாய் எழுதினவரை நாம் கண்டதில்லை.

ஏழு நாளில் முற்றுகை முடிந்தது. அகப்பட்ட பிரபுக்கள் ஏறக்குறைய ஐம்பது பேரையும் சீசர் விடுதலை செய்தார். தொமீட்டியஸ் கருவூலத்தில் வைத்திருந்த 60 லட்சம் செஸ்டர்ஸ் பணத்தையும், அது படைச் சம்பளத்துக்காகப் பாம்பி கொடுத்த பொதுப்பணம் என்று தெரிந்திருந்தும், அவரிடமே திருப்பிக் கொடுத்தார். ரோமாபுரியார் அதிசயித்தார்கள். முந்திய உள்நாட்டுப் போரில் வென்ற சுல்லா, கி.மு. 82-ல் கொல்லத்தக்கவர் பட்டியலை எழுதித் தெருவில் தொங்கவிட்டதைக் கண்ட கிழவர்கள் அப்போது உயிரோடிருந்தார்கள். அந்த அச்சத்தின்மேல்தான் இந்தக் கருணை ஒளி வீசிற்று.

கருணை மெய்யானதே. உயிர் தப்பியவனைக் கேட்டால் காரணம் எதுவாயிருந்தால் என்ன என்பான். ஆனால் இது வெற்றிபெறுவதற்குப் புதுவழி என்று சீசரே தம் நண்பர்களுக்கு எழுதிய கடிதம் சிசரோவின் கடிதத் தொகுப்பில் இருக்கிறது. மன்னிப்பவன் எஜமானன் ஆகிவிடுகிறான் என்பதைக் கேட்டோ நன்றாய் உணர்ந்திருந்தார். தன்மேல் உரிமையில்லாத ஒருவன் தனக்கு உயிர்ப்பிச்சை கொடுப்பதை ஏற்கமாட்டேனென்று கி.மு. 46-ல் அவர் உயிரைவிட்டதற்கு அதுவே காரணம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கருணை ரோமாபுரியாருக்கு மட்டும் உரியது. அதற்கு இரண்டே ஆண்டுக்கு முன், காலியாவில் உக்செல்லோதூனம் என்ற ஊர் பணிந்தபோது, ஆயுதம் எடுத்தவர்களின் கைகளையெல்லாம் வெட்டச் செய்தவரும் இதே சீசர்தாம். அடங்காத காலியாக்காரனுக்கு ஒரு நீதி, எதிர்த்த சொந்தக்காரனுக்கு ஒரு நீதி. உலகத்துக்கு இது பழைய செய்திதான்.

பாம்பி கிரேக்க நாட்டுக்குக் கப்பலேறிவிட்டார். சீசர் மேற்கே ஸ்பெயினுக்குத் திரும்பினார். அங்கே இலெர்தா என்னுமிடத்தில், அப்ரானியஸ், பெட்ரீயஸ் என்ற பாம்பியின் துணைவர் இருவர் ஐந்து லீஜன்களுடன் இருந்தார்கள். நூலின் உயிர்நாடி இந்த இலெர்தாப் பகுதிதான் என்று நாம் கருதுகின்றோம். சிக்கோரிஸ் ஆற்றில் வெள்ளம் பெருகிப் பாலங்களை அடித்துக்கொண்டு போயிற்று. சீசரின் படை இரண்டு ஆறுகளுக்கு நடுவே சிக்கிற்று. தானியம், ஏறக்குறைய 9 லிட்டர் கொள்ளும் மோடியஸ் ஒன்றுக்கு 50 தினாரி விலைக்கு ஏறியதாம். இந்தச் செய்தி ரோமாபுரிக்கு எட்டியவுடன் அப்ரானியஸ் வீட்டு வாசலில் வாழ்த்துச் சொல்லக் கூட்டம் கூடிற்று. எந்தப் பக்கம் சேரலாம் என்று காத்திருந்த பலர் பாம்பியிடம் ஓடினார்கள் என்று சீசர் சிரிக்காமல் எழுதுகிறார். பிறகு பிரிட்டனில் தாம் கண்ட மாதிரியில், மெல்லிய மரத்தில் சட்டமிட்டு, கூடை முடைந்து, மேலே தோல் போர்த்திய படகுகளைச் செய்வித்தார். நம் நாட்டார் பரிசல் என்பதற்கு உறவானவை போலும்! அவற்றில் ஆட்களை அக்கரை சேர்த்துப் பாலமும் கட்டிவிட்டார். எதிரிகள் பின்வாங்க, அவர்களைச் சுற்றிக்கொண்டு போய் மலைவாயிலை அடைத்தார்.

இப்போது எதிரிகள் பொறியில் அகப்பட்டவர்கள். சீசரின் வீரர்களோ சண்டைக்குத் துடிக்கிறார்கள். சீசர் மறுக்கிறார். நல்ல வாய்ப்பை இப்படி விட்டால் பிறகு அவர் கூப்பிடும்போது நாங்கள் போரிட மாட்டோம் என்று வீரர்கள் அவர் காதில் விழவே பேசிக்கொள்கிறார்கள். இதையும் அவரே எழுதியிருக்கிறார்.

மறுநாள் எதிரித் தளபதிகள் இருவரும் தண்ணீருக்கு வழிசெய்ய அரண் கட்டுவதை மேற்பார்க்கப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் இரு படை வீரர்களும் வெளியே வந்து பேசத் தொடங்கினார்கள். அந்தப் பாசறையில் எங்களூர்க்காரன் யாராவது உண்டா? இன்னாரைத் தெரியுமா? நேற்று எங்களைக் கொல்லாமல் விட்டீர்களே, உங்களால் அல்லவா பிழைத்தோம்! சீசரை நம்பலாமா? நம்பலாமென்றால் இப்போதே கொடியோடு வந்துவிடுகிறோம். எங்கள் தளபதிகளின் உயிருக்கு மட்டும் உறுதி தாருங்கள். இப்படிப் பேச்சு வளர்ந்து, ஒருவர் கூடாரத்துக்கு மற்றவர் விருந்தாய்ப் போனார்கள். அப்ரானியஸின் மகனே தன் உயிருக்கும் தந்தையின் உயிருக்கும் தூது பேசினான். இரண்டு பாசறையும் ஒரே பாசறைபோல் ஆயிற்று.

வாசகர்களே, இந்த இடத்தில் நூலைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டு, தொடக்கத்தில் சீசர் கூறிய போர்க்காரணங்களை நினைத்துப் பாருங்கள். லென்டுலஸுக்குக் கடன், கேட்டோவுக்குப் பழம்பகை, பாம்பிக்குத் தமக்குச் சமானமாய் ஒருவர் இருப்பது பொறாது என்று எதிரி ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்தக் காரணம் எழுதி வைத்திருக்கிறார். தமக்கு? தம் கௌரவம், அது உயிரினும் மேலானதாம். அந்தக் கௌரவத்தை உடையவர் ஒருவர்; கடன்காரர் ஒருவர்; பொறாமைக்காரர் ஒருவர். இலெர்தாவின் வெளியிலே நின்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கோ ஊர்க்காரனைத் தேடுவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. அவர்களிடம் விட்டிருந்தால் அன்று மாலைக்குள் ஸ்பெயின் போர் முடிந்திருக்கும்.

அப்ரானியஸ் செய்தி கேட்டதும் வேலையை விட்டுத் திரும்பிவந்து, நடப்பது நடக்கட்டும் என்று இருந்துவிட்டார். பெட்ரீயஸ் அப்படி இருக்கவில்லை. தம் வேலையாட்களுக்கு ஆயுதம் கொடுத்து, ஸ்பானியக் காவலணியையும் சில குதிரை வீரர்களையும் கூட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார். பேசிக்கொண்டிருந்தவர்களை விரட்டி, அகப்பட்டவர்களைக் கொன்றார். பின்பு கண்ணீரோடு வீரர்களிடையே சுற்றி வந்து, என்னையும் பாம்பியையும் காட்டிக்கொடுக்காதீர்கள் என்று மன்றாடினார். தாம் முதலில் சத்தியம் செய்து, அப்ரானியஸையும் செய்யவைத்து, அதிகாரிகளையும் செய்யவைத்து, வீரர்களை நூறு நூறு பேராய்க் கூப்பிட்டு, பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவதுபோலச் சத்தியம் வாங்கினார். அதன்பின், சீசரின் ஆட்கள் யார் கூடாரத்தில் இருந்தாலும் வெளியே கொண்டுவர வேண்டுமென்று ஆணை பிறந்தது. கொண்டுவரப்பட்டவர்கள் எல்லார் கண்முன்னும் கொல்லப்பட்டார்கள். ஆனால் பெரும்பாலோர் தம்மிடம் விருந்தாய் வந்தவர்களை ஒளித்து வைத்து, இரவில் அரணுக்கு மேலாக இறக்கி அனுப்பிவிட்டார்கள். சத்தியம் செய்த கை உலராமலே அதை மீறிய இந்த மனிதர்களின் பெயர் ஒன்றுகூட நூலில் இல்லை. சீசரோ தம் பாசறைக்கு வந்திருந்த எதிரி வீரர்களைத் தேடிப் பத்திரமாய்த் திருப்பி அனுப்பினார்.

அதற்கு முன் குன்றருகே நடந்த சண்டையில் தம்பக்கம் 70 பேர், எதிர்ப்பக்கம் 200-க்கு மேல் மாண்டனர் என்று எண்ணிச் சொன்ன சீசர், கூடாரங்களிலிருந்து இழுத்துக் கொல்லப்பட்டவர் எத்தனை பேர் என்று சொல்லவில்லை. யாரும் எண்ணவில்லை போலும். தண்ணீரும் தீனியும் இன்றிச் சில நாள் அலைந்தபின் ஆகஸ்டு 2-ம் நாள் அந்தப் படை சரணடைந்தது. படையைக் கலைக்க வேண்டும் என்பதொன்றே நிபந்தனை. கூடாரத்து நண்பர்கள் முன்பே கேட்டதும் ஏறக்குறைய அதுதானே!

இரண்டாம் பகுதியின் முடிவு ஆப்பிரிக்காவில் நிகழ்கிறது. கொர்பீனியத்தில் பிரபுக்களை விடுவித்த சீசர், அவர்களின் கீழிருந்த சாதாரண வீரர்களை என்ன செய்தார் என்று கேட்க வாசகர் மறந்துவிடக் கூடும். அவர்களிடம் அன்றைக்கே தமக்குச் சத்தியம் வாங்கிக்கொண்டு, சிசிலித் தீவுக்கு அனுப்பிவிட்டார். அவர்களை வைத்துக்கொண்டு கியூரியோ என்ற இளந்தலைவன் ஆப்பிரிக்கக் கரையில் இறங்கினான். அங்கே பாம்பியின் கட்சியாரான வாரஸின் ஆட்கள் அரணருகே வந்து, நீங்கள் முதலில் செய்த சத்தியம் எங்களுக்கல்லவா என்று அவ்வீரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எந்தச் சத்தியத்துக்கு அந்த ஏழைகள் கட்டுப்படுவது? சிலர் ஓடிப்போனார்கள், மற்றவர்கள் கியூரியோவோடு நின்றார்கள்.

நுமிடிய அரசன் ஜூபா தூரத்தில் இருக்கிறான், வந்திருப்பது சிறுபடைதான் என்ற தவறான செய்தியை நம்பி, கியூரியோ விடியுமுன் படையை நடத்தினான். பகராதாஸ் ஆற்றுப் பக்கம் வெயிலில் களைத்த படையை ஜூபாவின் குதிரைகள் சூழ்ந்துகொண்டன. தப்பிப்போகும்படி கூட இருந்தவர் வற்புறுத்தியும், ஒப்படைத்த படையை இழந்துவிட்டுச் சீசர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று சொல்லிக் கியூரியோ போரிட்டே மடிந்தான். சீசர் அவனுடைய இளமையையும் நம்பிக்கையையும் காரணமாகச் சொல்கிறாரே ஒழிய, கடிந்து ஒரு சொல் எழுதவில்லை. தாம் நேசித்தவனுக்கு அவர் கட்டிய கல்லறை இந்த அத்தியாயம். பாசறையில் எஞ்சியவர்கள் கடற்கரைக்கு ஓடினார்கள். படகுகளில் அளவுக்கு மேல் ஏறியதால் சில முழுகின. அதைக் கண்டு மற்றவை கரைக்கு அணைய அஞ்சின. கப்பல்களுக்குத் தப்பி ஓடினவர்களுள் அசீனியஸ் போல்லியோவும் ஒருவர். சீசரின் குறிப்புகளைப் பிற்காலத்தில் அவர் குறைகூறியபோது அந்தக் கரை அவர் நினைவில் இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

படகு கிடைக்காத வீரர்கள் வாரஸிடம் சரணடைந்தார்கள். மறுநாள் ஜூபா அவர்களை நகரத்தின் முன்னே கண்டு, இவர்கள் என் கொள்ளைப் பொருள் என்று சொல்லி, பெரும்பாலோரைக் கொல்லும்படி ஆணையிட்டான். தாம் கொடுத்த வாக்கு கெடுகிறதே என்று வாரஸ் வருந்தினார், தடுக்கத் துணியவில்லை. ஜூபா குதிரைமேல் உத்திக்கா நகருக்குள் நுழைந்தான். ரோமாபுரியின் செனேட் சபையார் சிலர் அவன் பின்னே போனார்கள். அவர்களில் இருவர் பெயரைச் சீசர் எழுதி வைத்திருக்கிறார். கொர்பீனியத்தில் அவர் கருணைக்கு ஆளானவர்களின் கணக்கு அந்த நகர வாசலில் அன்றைக்கு முடிந்தது.